நவரட்ணத்துக்கு ஒரு பிடி அரிசி

றஜிதா நாற்பத்தாறு வயதில் மீண்டும் பள்ளிக்கூடம் போனாள். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் அவளுக்கு வேலை. பள்ளிப்படிப்பு முடித்த டிப்ளோமா இல்லாமல் அங்கே மேலே போக வழியில்லை. அதனால் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கான வகுப்பு. அந்தத் தவணையில் ஆங்கிலப் பாடத்துக்குக் கிரேக்கப் புராணக் கதைகள்.

ஒருநாள் ஆசிரியை ஒரு கதை சொன்னார். ஆட்சிக்காகச் சண்டையிட்ட அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கொன்றுவிட்டார்கள். ஒருவனுக்கு ராஜ மரியாதையோடு அடக்கம். மற்றவன் துரோகி, அவனை நாய்க்கும் கழுகுக்கும் விடுங்கள் என்றான் புதிய அரசன். சாவுதான் தண்டனை என்று தெரிந்தும் தங்கை போய் அந்த உடலில் ஒரு பிடி மண் தூவினாள்.

"இந்தக் கதையைச் சொன்ன மக்கள் எதைப் பெரிதாக மதித்தார்கள்? அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்" என்றார் ஆசிரியை.

அந்த வாரமே நவரட்ணம் இறந்துபோனார். பக்கத்து வீட்டு பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழிருந்த அறையில் தனியாக இருந்தவர். அங்கிருந்த தமிழர்கள் அவரை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். றஜிதாவும் அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. சில நாட்களுக்கு முன் அவர் பனியில் வழுக்கி விழுந்து கிடந்தபோது அம்புலன்ஸைக் கூப்பிட்டவள் அவள் என்பதால், ஆஸ்பத்திரியில் அவளுடைய நம்பர் இருந்தது. உறவென்று யாரும் வரவில்லை, நீங்கள் பொறுப்பெடுப்பீர்களா என்று கேட்டார்கள். ஓம் என்றுவிட்டாள்.

கணவன் ராகுலன் கொதித்துப் போனான்.

"உவர் ஆரெண்டு தெரியுமோ உமக்கு? ஊரில சண்டை நேரம் ஆமிக்கு எங்கட பெடியளைக் காட்டிக் குடுத்த மனுசன்!"

"நீங்கள் கண்டனீங்களோ?"

"சனம் சொல்லுது."

"உண்மையா இருந்தாலும் பரவாயில்லை. செத்த பிறகு என்ன விசாரணை?" என்றவள் வகுப்பில் கேட்ட கதையைச் சொன்னாள்.

"அது வெள்ளைக்காரன்ர கதை."

"அவை மண் போட்டவை, நாங்கள் வாய்க்கரிசி போடுறம். அவ்வளவுதான் வித்தியாசம். நான் செய்யத்தான் போறன்."

முதலில் அவள் கேட்ட ஐயர், யாருக்கென்று தெரிந்த பிறகு போனையே எடுக்கவில்லை. பக்கத்து நகரமான பிக்கரிங்கில் இருந்த இன்னொரு ஐயர் சம்மதித்தார்.

"கொள்ளி வைக்க ஆம்பிளை ஆர் இருக்கினம்?"

"ஒருதரும் இல்லை ஐயா. நான்தான்."

ஐயர் நாளையும் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். "சரி பிள்ளை, வாறன்."

தகனத்துக்கு அவளையும் ஐயரையும் தவிர ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ராகுலன் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காரிலேயே இருந்தான். றஜிதா அரிசியை அள்ளி அவர் வாயில் இட்டாள். இவ்வளவு மெலிந்த முகமா என்று அப்போதுதான் பார்த்தாள். பெட்டி தகன உலைக்குள் போனதும், கொள்ளி வைப்பதற்குப் பதிலாக அழுத்தும் பொத்தானை அவளே அழுத்தினாள்.

திரும்பும் வழியில் ராகுலன் "குளிருதோ?" என்று மட்டும் கேட்டு ஹீற்றரைக் கூட்டிவிட்டான்.

சனிக்கிழமை வகுப்பில் அவள்தான் முதலில் எழுந்தாள். அரசனின் பகை உயிரோடு இருப்பவர்களோடு முடியவேண்டும், செத்தவன் எல்லோருக்கும் சொந்தம் என்று அந்த மக்கள் நினைத்திருக்க வேண்டும் என்றாள். ஆங்கிலம் தடுக்கியது. நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்துக்குக் காய் வெட்டப் போனபோது, பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். றஜிதா அவர்கள் விட்டுப்போன பூசணிக்காயையும் தன் பக்கம் இழுத்து வைத்து வெட்டத் தொடங்கினாள்.