ரசீது கொடுக்காத டீச்சர்

ரத்தினபாய் டீச்சருக்குக் குன்றத்தூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் கீரைக்கொல்லை. குத்தகைக்கு எடுத்திருந்த ஏகாம்பரம் இரண்டு வருஷமாகப் பணம் தரவில்லை. நிலமே கையை விட்டுப் போய்விடுமோ என்று செம்பாக்கம் வீட்டில் இருந்த டீச்சருக்குப் பயம். கொல்லையின் கேட்டைப் பூட்டிவிடலாமா என்று வக்கீலைக் கேட்டாள்.

"பூட்டினா உங்க மேலதான் கேஸ் வரும் மேடம். வருவாய் கோர்ட்ல மனு போடணும். பாக்கியைக் கட்ட அவருக்கு டைம் குடுப்பாங்க. அப்பவும் கட்டலன்னாதான் வெளியேத்த முடியும். இதுவரைக்கும் குடுத்த ரசீது நகல் இருக்கா?"

ரசீது எழுதினால் அவன் நிலத்தில் உரிமை கொண்டாடுவான் என்று பயந்து, பதினோரு வருஷமாக டீச்சர் ஒரு துண்டுச்சீட்டுகூடத் தந்ததில்லை.

"அப்ப எல்லாத்தையும் கட்டிட்டேன்னு அவர் சொன்னா, எதை வச்சு இல்லேம்பீங்க?"

மறுநாள் காலை ஏகாம்பரமே பணத்தோடு வாசலில் வந்து நின்றான்.

"ரெண்டு வருஷத்துதும் எட்த்தாந்துகீறேன் டீச்சர். ரசீது குடுத்தாதான் தருவேன். நானும் பயந்துகினுதான் கீறேன். நீ யாருன்னு நாளைக்கு நீங்களே கேட்டா, நான் இன்னாத்த காட்டுவேன்?"

மேசைமேல் பேனா இருந்தது. முப்பது வருஷம் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்ட கை, அதைத் திறந்து திறந்து மூடியது.