பூட்ஸுக்குப் போன எருது

எழுபத்தொன்றில் சண்டை மூண்டபோது எங்கள் ஜவ்வாது மலையில் ஒரு குண்டும் விழவில்லை. விலையேறியது கடுக்காய்க்குத்தான். பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்கிறார்கள், தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும் என்று ஆலங்காயத்துத் தரகர் அடிக்கடி மலையேறினார். கடுக்காய் பொறுக்கியே எங்களுக்கு முதுகு ஒடிந்தது.

என் தம்பி அந்தச் சண்டையில் எல்லையில் இருந்தான். முந்தின லீவில் வந்தபோது அவன் பாதத்தைப் பார்த்தேன். குதிகாலெல்லாம் புண். கேட்டால், "பூட்ஸ் தேஞ்சிபோச்சிக்கா, புதுசு வரணும்" என்று சிரிக்கிறான்.

அந்தக் கார்த்திகையில் எங்கள் ஏர் எருது பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து செத்தது. ஏர் எருது செத்தால் மஞ்சள் பூசி, நிலத்து ஓரத்திலேயே புதைப்பது எங்கள் வழக்கம். தோலில் கத்தி படக்கூடாது. என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே மண்வெட்டியை எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தரகர் வந்து நின்றார்.

"தோலைக் குடுத்துடுங்க. பூட்ஸுக்குத் தோல் பத்தல."

"வூட்டுப் புள்ளையத் தோலுரிக்கச் சொல்றியா? போய்யா!" என்று இவர் சீறினார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "மண்ணுக்குள்ள போட்டு இன்னா பண்ணப் போறீங்க? எந்தம்பி கால்ல போவட்டும்."

இவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நடந்தார். தரகர் கீழேயிருந்து ஆள் கூட்டிவந்து உரித்துப் போனார். அதோடு இவர் என்னிடம் பேச்சை நிறுத்தினார். சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் பட்டினி. வாய் திறந்து கேட்கமாட்டார். என்ன வீம்போ! போகட்டும் என்று நானும் விட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்தத் தோலைக் கொடுப்பேன்.

பொங்கலுக்கு முன்பே சண்டை முடிந்துவிட்டது. தை கடைசியில் தரகர் கடுக்காய்க்கு வந்தார். இவர் காட்டுக்குப் போயிருந்தார். எருதுத் தோல் பூட்ஸ் ஆயிற்றா என்று கேட்டேன்.

"எங்கம்மா! பின்பக்கம் பூராச் சூட்டுத் தழும்பு. பூட்ஸுக்கு ஆவாதுன்னு தள்ளிட்டாங்க. சாட்டைக்கு வார் அறுத்து வித்தாச்சி."

அந்தச் சூடு இவர் போட்டதுதான். ஒரு தடவை எருதுக்கு வயிறு உப்பி மூச்சுத் திணறியபோது, இரும்பைக் காய்ச்சி இழுத்துக் காப்பாற்றினார். எங்கள் பக்கத்து வைத்தியம் அது. எருதைக் கை ஓங்கிக்கூட அடித்தறியாத மனிதர். சாட்டை என்று எப்படிச் சொல்வேன்? இவரிடம் சொல்லவில்லை.

மாசியில் தம்பி வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காலில் பளபளவென்று புது பூட்ஸ். வாசலில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். இவர் அவன் எதிரே மண்டியிட்டு, பூட்ஸைத் தடவி, இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மாமா, இன்னா பண்றீங்க!" என்று தம்பி பதறிக் காலை இழுத்தான்.

"நம்ம எருதுடா இது."

தம்பி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். இவரும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆமா, அதுதான்" என்றேன்.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"புள்ளை பசியோட வந்திருப்பான். ரெண்டு பேருக்கும் சோறு போடு" என்றார்.

போட்டேன்.