என் தாத்தாவைத் தூக்காத கை

கொள்ளுத்தாத்தாவைத் தேடி ராயபுரம் மாதா கோயிலின் பழைய பதிவேடுகளை மாதக்கணக்கில் புரட்டினேன். கிடைத்தது தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு மட்டும்தான். அதிலும் கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் 'கப்பல் வேலை, வரவில்லை' என்றிருந்தது. கூட வந்த சிநேகிதனோ ஒரே காலையில் தன் வம்சத்தையே கண்டுபிடித்துவிட்டான். எனக்கு வயிறெரிந்தது.

திடீரென்று அவன் கத்தினான். "மாமு, உங்க ஆளு இங்க கீறாரு பாரு!"

பார்த்தேன். பெயர், ஊர், கப்பல் வேலை எல்லாம் பொருந்தின. என் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் நடந்த அதே வருடம், அவன் தாத்தாவின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நின்று, குழந்தையைக் கையில் ஏந்தி, கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

"அப்போ நாம சொந்தம்டா" என்று தோளில் கை போட்டான் சிநேகிதன்.

தட்டிவிட்டேன். என் தாத்தாவைத் தூக்க வராத கை, இவன் தாத்தாவைத் தூக்க மட்டும் கரையேறி வந்திருக்கிறது.