கப்பல் மாமி

சிவநேசம் படியின் பக்கம் முகத்தைத் திருப்பி, இரண்டு கைகளாலும் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி, பின்புறமாக இறங்கிக்கொண்டிருக்கிறார். மொன்றியலின் லாசால் பகுதியில் அவர் குடியிருக்கும் மேல்வீட்டுக்கு வெளியே வளைந்து இறங்கும் படி அது. மற்றவர்கள் வீதியைப் பார்த்து இறங்குவார்கள். அவர் சுவரைப் பார்த்து இறங்குவார். கீழ்வீட்டுக்காரர் தொடக்கத்தில் அவருக்குத் தலைச்சுற்று என்று நினைத்து ஓடிவந்து தாங்கினார். இப்போது போன்ஜூர் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார்.

“யொட்டில இப்பிடித்தான் இறங்கிறது. அலை அடிக்கேக்க ஏணிக்கு முதுகு காட்டினா இடுப்பு மிஞ்சாது” என்பது பாய்ப்படகில் போய்வந்த சிவநேசத்தின் விளக்கம். லாசால் படிக்கட்டில் அலை அடிப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். மேசையில் ஈரத்துணியை விரித்து அதன்மேல்தான் கோப்பை வைப்பார், வழுக்காதாம். தேநீர் அரைக் கோப்பைக்கு மேல் ஏறாது. குசினி அலுமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, கொளுக்கி விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் படுக்கப் போவார். பல்கனியில் உடுப்புக் காயப்போடும் கயிற்றில் அவர் போட்ட முடிச்சை எந்தப் பனிப்புயலும் இன்னும் அவிழ்க்கவில்லை. மொன்றியலில் கழித்த முப்பது குளிர்காலங்கள் அவரிடம் ஒரு பழக்கத்தையும் மாற்றவில்லை. பத்து நாள் பாய்ப்படகுப் பயணம் அவரை அடியோடு மாற்றிவிட்டது. அது முடிந்து இரண்டு கோடை கழிந்துவிட்டது. சனம் வைத்த பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது: கப்பல் மாமி.

வயது ஐம்பத்தொன்பது. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பெரிய மருத்துவமனையில் துப்புரவு வேலை. கணவர் பேரின்பநாதன் நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. இரண்டு தெரு தள்ளித் தம்பி இரவிச்சந்திரனின் வீடு. தம்பியின் மகள் ஜெயனியை கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூட்டிவந்து, சோறு தீத்தி, தலை இழுத்து, பாடம் சொல்லிக்கொடுக்கப் பிரெஞ்சும் படித்தவர் இவர்தான். அந்தப் பிள்ளைக்கு இப்போது பதின்மூன்று.

அதே மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை செய்பவர் பெர்னாண்டா. போர்த்துக்கேயர், அட்லாண்டிக் கடலின் நடுவே எரிமலைகள் கக்கிப் போட்ட அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் பிறந்தவர். அவரும் கணவரை இழந்தவர்தான். அவருடைய மச்சான் ஒருவர் அங்கே பாய்ப்படகு வைத்து, எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போவார். பகலில் இறங்கி நடப்பது, இரவில் படகில் தூங்குவது. அந்தக் கோடையில் யாரோ வரமுடியாமல் போக, ஒரு படுக்கை காலியானது. மதியச் சாப்பாட்டு மேசையில் பெர்னாண்டா “வாறியா?” என்று கேட்டார். சிவநேசம் வாயில் இருந்த புட்டை விழுங்கிவிட்டு “ஓம்” என்றார். பிரெஞ்சில் சொல்லவேண்டும் என்பதுகூட அப்போது நினைவில்லை.

தம்பி மனைவி யோகராணிதான் முதலில் வாயைத் திறந்தார். “மச்சாள், அத்தான் போய் ரண்டு வருஷந்தான். அதுக்குள்ள கப்பல்ல உல்லாசப் பயணமோ?”

“ரண்டு வருஷம் வீட்டுக்குள்ள இருந்து பாத்திட்டன், யோகராணி. அவர் திரும்பி வரேல்லை.”

ஞாயிற்றுக்கிழமைகளில் சிவநேசம் ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போவார். செயின்ட் லோறன்ஸ் ஆறு அங்கே பாறைகளில் மோதி நுரைத்துக்கொண்டு ஓடும். அவருடைய பேச்சு அங்கேதான் திறந்துகொள்ளும். கூட வருகிறவர்கள் ஆற்றைப் பார்ப்பார்கள். அவர் பார்ப்பது கடலை. காலையில் எழுந்து மேலே வந்தால் மேகத்துக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் பீக்கோ மலை. கறுப்புக் கற்களை அடுக்கிய சிறுசிறு சதுரங்களுக்குள் திராட்சைக்கொடி. சாவ் ஜோர்ஜ் தீவில் செங்குத்தான மலையிலிருந்து இரண்டரை மணி நேரம் நடந்து இறங்கினால் அடியில் ஒரு குட்டித் தட்டை நிலம், அதில் ஒரு குளம், குளத்தில் மட்டி. அந்த மட்டிக்கு மிளகுத்தூள் போடச் சொல்லிச் சமையல்காரியோடு இவர் போட்ட சண்டை. பாய் விரிந்ததும் இயந்திரத்தை நிறுத்துவார்களாம். அந்த நிமிடத்தை விவரிக்கும்போது சிவநேசம் பேச்சை நிறுத்திவிடுவார். சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

“எங்கட ஊர் மாதிரியோ இருந்தது?” என்று எல்லாரும் கேட்பார்கள். புலம்பெயர்ந்தவன் எங்கே போனாலும் தன் ஊரைத்தான் தேடவேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதுபோல.

“இல்லை. ஒரு துளியும் இல்லை. அதுதான் சந்தோஷம்” என்பார் அவர்.

அங்கே முதல் நாள் எல்லாரும் அவருடைய பெயரைக் கேட்டார்கள். அடுத்ததாக, உருளைக்கிழங்கு உரிப்பீர்களா என்று கேட்டார்கள். யாருடைய மனைவி, எந்த ஊர், எந்தப் பக்கத்து ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐம்பத்தேழு வயதில் முதல்முறையாகப் பத்து நாள் தொடர்ந்து அவர் வெறும் சிவநேசமாக இருந்தார். ஆற்றங்கரையில் அவர் பேச்சில் தெரியும் ஏக்கம் ஒரு தீவுக்கானது மட்டும் இல்லை.

ஃபையால் தீவின் மேற்கு முனையில் சாம்பல் மேடு ஒன்று இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் எரிமலை வெடித்து, வெளிச்சவீட்டின் கீழ்மாடியைப் புதைத்து, ஊரையும் மூடியது. செருப்புக்குள் சாம்பல் நிறைய நடந்துகொண்டே, வீடிழந்த சனம் என்ன ஆனது என்று சிவநேசம் கேட்டார். அமெரிக்கா தனிச்சட்டம் போட்டு ஆயிரக்கணக்கானோரை அழைத்துக்கொண்டது என்றார் பெர்னாண்டா. சிவநேசம் நடையை நிறுத்தவில்லை. “எரிமலை வெடிச்சா விசா. ஷெல் குண்டு வெடிச்சா வழக்கு. எனக்கு ஆறு வருஷம் அகதி வழக்கு நடந்தது” என்றார். அவர் கோபப்பட்டுச் சொல்லவில்லை, கேட்டவர்கள்தான் தலைகுனிந்தார்கள்.

பீக்கோ மலையில் பெர்னாண்டாவுக்கு முழங்கால் மக்கர் பண்ணியது; அடிவாரக் குடிலில் பியரோடு உட்கார்ந்துவிட்டார். சிவநேசம் ஊன்றுகோல் இரண்டையும் வாங்கிக்கொண்டு வழிகாட்டியோடு ஏறினார். உச்சியில் பாறை இடுக்கிலிருந்து சூடான ஆவி வரும் இடத்தில் மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் குனிந்து, நோயாளியின் நெற்றியைப் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துப் பார்த்தார். “நூறு இருக்கும்” என்றாராம்.

ஆனால் அவர் மிகக் குறைவாகச் சொல்வதும், சொன்னால் குரல் தணிந்து சொல்வதும் கடைசி நாளைப் பற்றித்தான். ஃபையாலின் துறைமுகத்தில் ஒரு வழக்கம். வந்து போகும் பாய்ப்படகுக்காரர்கள் கரையின் சுவரிலும் தரையிலும் ஒரு படம் வரைந்துவிட்டுப் போகவேண்டும்; வரையாத படகுக்குக் கடலில் கேடு வரும் என்பது நம்பிக்கை. பெர்னாண்டாவின் மச்சான் நிறப் பேணிகளைத் திறந்து வைத்து, இந்த முறை சிவநேசம்தான் வரைய வேண்டும் என்று தூரிகையை நீட்டினார். சிவநேசம் பின்வாங்கினார். நல்ல காரியத்துக்குத் தன் கை ஆகாது, எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். பெர்னாண்டா அதை மொழிபெயர்த்தார். மச்சானுக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை மொழிபெயர்த்த பிறகு அவர் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். பெர்னாண்டா சிரிப்பை அடக்க முடியாமல் அதைத் திருப்பிச் சொன்னார்: “ஏன், இவவோ புருஷனைக் கடலுக்குள்ள தள்ளினது?”

சிவநேசம் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்துத் தூரிகையை வாங்கி, ஒரு நிறைகுடம் வரைந்தார். பச்சை தீர்ந்திருந்ததால் மாவிலைகள் நீலம்.

படம் வரையாவிட்டால் படகு மூழ்கும் என்பதற்கும், விதவை தொட்டால் மங்கலம் கெடும் என்பதற்கும் உலகில் உள்ள சான்று ஒரே அளவு: பூச்சியம். என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. ஒரு மூடநம்பிக்கை வந்தவர் எல்லாருடைய கையையும் கேட்டு வாங்குகிறது. மற்றது, ஒரு பெண் தூக்கி வளர்த்த பிள்ளையிடமிருந்தே அவளுடைய கையைத் தட்டிவிடுகிறது.

இந்த ஆனியில் அது நடந்தது. வயதுக்கு வந்த ஜெயனிக்குச் சாமத்தியச் சடங்கு. யாழ்ப்பாணத்து முறைப்படி தண்ணீர் வார்க்கும் உரிமை அப்பா வழி மாமிக்கு. ஜெயனிக்கு அந்த மாமி, அப்பாவின் அக்கா சிவநேசம் ஒருவர்தான். இரவிச்சந்திரன் வந்து, கதிரை நுனியில் உட்கார்ந்து, அரைக் கோப்பைத் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

“அக்கா, நான் உதொண்டும் நம்புறேல்லை. உங்களுக்குத் தெரியும். ஆனா சனம் கதைக்கும்.”

“நம்புறவன் என்னை விலத்தி வைச்சா விளங்கும் தம்பி. நம்பாத நீ ஏன் வைக்கிறாய்?”

இரவிச்சந்திரன் படித்தவர், கணினி வேலை. கடவுளைப் பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்குவார். சீர்களும் விலக்குகளும் இன்றைக்கு இப்படி நம்பாதவர்களின் கையில்தான் பத்திரமாக வாழ்கின்றன. சிவநேசம் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். தண்ணீர் யாராவது வார்க்கட்டும். மண்டபத்தில் ஒரே ஒரு ஆலாத்தித் தட்டை, திரி எரியும் ஆரத்தித் தட்டை, எல்லாரும் எடுத்து முடிந்த பிறகென்றாலும், தான் எடுக்கவேண்டும். “பாப்பம் அக்கா” என்றார் தம்பி. அந்தப் “பாப்பம்” என்றால் என்ன என்று முப்பது வருடமாக இந்த நகரத்தில் தமிழ் பேசுகிறவருக்குத் தெரியாதா?

சடங்கன்று காலையில் யோகராணியின் அண்ணி றொரன்ரோவிலிருந்து வந்து தண்ணீர் வார்த்தார். சிவநேசம் குசினியில் பலகாரத் தட்டுகளை அடுக்கினார். மாலையில் லாசால் மண்டபத்தில் பல்லக்கு, புகை கக்கும் இயந்திரம், கூரையைச் சுற்றிப் பறக்கும் கமெரா. ஜெயனி மேடையில் நகைப்பாரத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இருவர் இருவராக மேடை ஏறினார்கள். ஆலாத்தித் தட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றவேண்டும். அறிவிப்பாளர் ஒவ்வொரு சோடியாகப் பெயர் வாசித்தார். மூன்றாம் வரிசையில் சிவநேசம் மடியில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் கேட்டார். அவருடைய பெயர் வரவில்லை.

கடைசித் தட்டு. “இப்ப எங்கட போர்த்துக்கேய நண்பி பெர்னாண்டா ஆலாத்தி எடுக்கிறா” என்றது மைக். கைதட்டல். எல்லாருடைய கைபேசியும் உயர்ந்தது. யோகராணி தானே சேலை கட்டிவிட்டு, நெற்றியில் பெரிய பொட்டும் வைத்துவிட்டிருந்தார். பெர்னாண்டாவின் கணவர் இறந்து பதினோரு வருடம். ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளைத் தோலில் அமங்கலம் ஒட்டாது போலும்.

தட்டின் மறுபக்கத்தைப் பிடிக்க றொரன்ரோ அண்ணி கையை நீட்டினார். பெர்னாண்டா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சீவாவோட” என்றார் பிரெஞ்சில், மைக்குக்கும் கேட்கும்படி. சிவநேசத்தை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

அறிவிப்பாளர் தாளைப் பார்த்தார். இரவிச்சந்திரன் மனைவியைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். தலையை அசைக்காதே என்று காலையிலிருந்து சொல்லப்பட்டிருந்த ஜெயனி, மூன்றாம் வரிசைப் பக்கம் முழுதாகத் திரும்பினாள். ஒருவர் பிடித்த தட்டு ஒருபுறம் சரிந்தது. வாழைப்பழத் துண்டுகளில் குத்தியிருந்த திரிகள் எரிந்துகொண்டே மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தன.

சிவநேசம் குனிந்து, இரண்டு செருப்புகளையும் கழற்றி, கதிரைக்கு அடியில் சேர்த்து வைத்தார்.