சேஸிஸ் மாறிய என் கார்

என் வெள்ளைக் காரின் என்ஜின் போய்விட்டது என்று தம்பி சொன்னபோது நம்பினேன். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. சூரியநெல்லியில் வண்டிப் பட்டறை வைத்திருப்பவன் அவன். அந்தக் காரை நான் பழையதாக வாங்கிய நாளிலிருந்து அவன்தான் பார்த்துவந்தான். சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பில் எனக்கு வேலை. ஆறு வருடமாக அந்தச் சின்னக் காரில்தான் போய்வந்தேன். எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் கார் ஓட்டும் பெண் நான் ஒருத்திதான், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பங்குனியில் ஒரு காலை அது கிளம்பவில்லை. தம்பி கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துப்போனான். சாயங்காலம் வந்து, "என்ஜின் ஜாம் ஆயிருச்சுக்கா. இனி இத நோண்டுறது வீண்," என்றான்.

அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அவர் வேறொருவருடைய ஜீப்பில், மலையுச்சிக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் டிரைவர். அவருடைய சொந்த ஜீப், பாடி துருப்பிடித்து உதிர்ந்துபோய், பட்டறைக்குப் பின்னால் கிடந்தது.

"என் ஜீப்புக்கு சேஸிஸும் என்ஜினும் நல்லாருக்கு. உன் காருக்கு பாடி நல்லாருக்கு. தூக்கி மேல வச்சுட்டா ஒரு வண்டி ஆச்சு. மலைக்கு நீயே ஓட்டிட்டுப் போகலாம்."

"ரோட்டுல விடுவாங்களா?"

"எஸ்டேட் பாதையில யாரு கேக்கப் போறா?"

மலைக்கு நீயே ஓட்டலாம் என்ற அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். பயணிகளுக்கு அந்தப் பாதையைப் பற்றி தினமும் சொல்கிறவள் நான். ஒருமுறைகூட அதில் ஸ்டியரிங் பிடித்ததில்லை.

மழைக்காலத்தில் வேலை தொடங்கியது. பயணிகள் குறைவு, அவருக்கும் நேரம் இருந்தது. எனக்கு விடுமுறை கிடைத்த நாளெல்லாம் பட்டறையில்தான் இருந்தேன். தம்பி காரின் அடித்தளத்தை கிரைண்டரால் அறுத்தெடுத்தான். ஜீப் என்ஜின் நீளம் அதிகம் என்பதால் டாஷ்போர்டுக்கு முன்னாலிருந்த தகட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பற்றவைத்தான். பெரிய டயர் திரும்புவதற்காக மட்கார்டை வெட்டினான். எட்டுப் பேர் சேர்ந்து பாடியைத் தூக்கி ஜீப்பின் அடிச்சட்டமான சேஸிஸ் மேல் வைத்தபோது அது இரண்டு விரல் அகலம் கோணலாக உட்கார்ந்தது. திரும்பத் தூக்கினார்கள். போல்ட் இறங்கும் இடங்களுக்குப் பழைய டயரிலிருந்து ரப்பர் துண்டுகள் வெட்டிக் கொடுத்தவள் நான். பற்றவைத்த இடங்களில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல்நுனித் தோல் உரிந்தது. சீட்டை என் காலுக்கு எட்டும்படி முன்னால் தள்ளி வைக்கச் சொன்னேன். "சரிக்கா," என்று தம்பி குறித்துக்கொண்டான்.

ஆடி முடிவதற்குள் வண்டி தயாராகி நின்றது. ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கார். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகலாம் என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது பட்டறையில் அது இல்லை. பச்சை நிறத்தில் ஒரு ஜீப் நின்றது.

"மாத்தியாச்சு," என்றார் என் வீட்டுக்காரர். "கொல்லங்கோட்டுல ஒருத்தர் வயல்ல சேத்துப் பந்தயம் ஓட்டக் கேட்டாரு. இதுக்குப் பேப்பர் எல்லாம் சரியா இருக்கு, டிரிப் அடிக்கலாம். உன் வண்டி ரோட்டுக்கே ஆகாது. போன வாரந்தான் பேச்சு வந்துச்சு, நல்ல எடம்னு விட்டுட்டேன்."

அழுதேன், சண்டையும் போட்டேன். ஆனால் சொந்த ஜீப் இல்லாமல் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் முடிவு செய்தது, ஆசைப்பட்டுவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

புரட்டாசிக்கு முன்னால் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். நான் மட்டும் போனேன். பந்தி முடிந்ததும் கொல்லங்கோட்டு பஸ்ஸில் ஏறினேன். ஏன் போனேன் என்றால், ஒருதடவை பார்க்கத்தான். வயலில் சேற்றுப் பந்தயம் ஓட்டும் வெள்ளைக் கார் என்று விசாரித்ததும் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுபோய் விட்டார்.

அந்த விவசாயிக்கு ஐம்பது வயதிருக்கும். வண்டி களத்தில் நின்றது, கண்ணாடிவரை சேறு. நான் யார் என்று சொன்னேன்.

"வாங்க, உக்காருங்க. அவ்வளவு தூரத்துலிருந்தா வர்றீங்க? வண்டி ஒண்ணாம் நம்பருங்க. சேத்துல நிக்கறதே இல்ல. பாடி கனம் கம்மி பாருங்க, அதுக்குத்தான் சின்னக் கார் பாடியே வேணும்னு மாசியிலயே சொல்லி வெச்சேன்."

"மாசியிலயா?"

"ஆமாங்க. உங்க ஊட்டுக்காரரு அப்பவே போட்டோ அனுப்புனாரே."

போனில் தேடிக் காட்டினார். எங்கள் வீட்டு வாசலில் என் கார். பக்கத்தில் நான், குனிந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம்தான் என்ஜின் போனது.

"என்ஜின் போன வண்டிதானேங்க," என்றேன்.

"இல்லீங்களே. என்ஜின் நல்லா இருக்குது, அத வேற ஒருத்தருக்குக் கழட்டிக் குடுத்துட்டோம்னு உங்க தம்பி சொன்னாரு." என் முகத்தைப் பார்த்து அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, "உங்களுக்குச் சொல்லலீங்களா?" என்று கேட்டார்.

ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று சாவியை நீட்டினார். கதவைத் திறந்து பார்த்தேன். சீட் பின்னால் தள்ளியே பூட்டப்பட்டிருந்தது. ஓட்டவில்லை. அவர் மனைவி கொண்டுவந்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஊர் வந்ததும் முதலில் பட்டறைக்குத்தான் போனேன். தம்பி மறைக்கவில்லை. "ஒரு வயரத்தான் கழட்டுனேன்கா. மச்சான் சொல்லக் கூடாதுன்னாரு. பாவம், அவரும் எத்தன நாளு அடுத்தவன் வண்டிய ஓட்டுவாரு?"

"நான் உப்புத்தாள் தேச்சுக்கிட்டு இருந்தேனேடா. பக்கத்துலதான நின்ன?"

அவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்காரரிடம் கேட்டபோது அவர் கோபப்படக்கூட இல்லை. "முன்னாடியே கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன். அதுக்குத்தான் கேட்டிருக்கணும்."

அடுத்த நாள் அவர் வழக்கம்போல் டிரிப்புக்குப் போனார். நான் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். இப்போதும் அப்படித்தான் போகிறேன். அவரோடு அரிசி, கேஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று பேச எத்தனையோ இருக்கின்றன, பேசுகிறோம். செய்ததற்கு அவருக்கு ஒரு தேவையாவது இருந்தது என்று சில நாள் தோன்றும், சில நாள் அதுவும் தோன்றாது.

தம்பி விஷயம்தான் ஆறவில்லை. ஐப்பசியில் வீட்டுக்கு வந்து, இன்னொரு கார் பாடி கிடைத்திருக்கிறது, உனக்கு ஒன்று கட்டித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். போகும்போது, "வெளிய மழ தூறுது, காயப்போட்ட துணிய எடுத்துரு அக்கா," என்றான். நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தூறிக்கொண்டுதான் இருந்தது. அவன் சொல்லை நான் சரிபார்த்ததை அவனும் பார்த்தான்.