அலுமாரிக்குள் இருந்தவன்

எழுபதுகளில் சிட்னிக்குப் படிக்க வந்த புதிதில், நானும் நண்பன் சிவமும் வென்ட்வேர்த்வில்லில் ஓர் ஆங்கிலேயக் கிழவரின் வீட்டில் அறை எடுத்திருந்தோம். இளமையில் சீனத் துறைமுகம் ஒன்றில் சுங்க அதிகாரியாக இருந்தவர். கண் மங்கிவிட்டது. தினமும் மாலை நாலு மணிக்கு வீட்டிலுள்ள ஒவ்வொரு அலுமாரியையும் மூன்று முறை தட்டி, கதவில் காதை வைத்துக் கேட்பார்.

"உள்ளுக்கை ஆரும் இருக்கினமோ எண்டு பாக்கிறார் போலை," என்று சிவம் சிரிப்பான்.

ஒருநாள் எனக்குக் குரங்குப் புத்தி வந்தது.

"வேண்டாமடா, மனுசன் பயத்திலை செத்துப்போகும்," என்று சிவம் தடுத்தான். நான் கேட்கவில்லை. என் அலுமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் வந்து தட்டினார். நானும் உள்ளிருந்து மூன்று முறை தட்டினேன்.

அலறுவார் என்று நினைத்தேன். அவரோ கதவை மெல்லத் திறந்து, என் முகத்தை இரண்டு கைகளாலும் தடவினார்.

"அன்றைக்கும் நீங்கள் எல்லாரும் உள்ளே ஒளிந்திருந்து இப்படித்தான் தட்டினீர்கள். நாலு மணி, வீட்டுக்குப் போகிற அவசரம். எலி என்று நினைத்துக் கப்பலின் சரக்கறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டேன்."

பிறகு எனக்குப் பின்னால் தொங்கிய சட்டைகளை விலக்கி இருட்டுக்குள் பார்த்தார்.

"நீ வந்துவிட்டாய். மற்றப் பிள்ளைகள் எங்கே?"

அதன் பிறகு என் அலுமாரியை மட்டும் அவர் தட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் தன் பக்கத்தில் எனக்கொரு கதிரை போட்டார். அந்தப் பிள்ளைக்குரிய சாப்பாட்டை இரண்டு வருடம் நான் சாப்பிட்டேன். பகிடிக்குச் செய்தேன் என்று சொல்ல, கடைசிவரை எனக்கு வாய் வரவில்லை.