துஷானி திறக்கவிடாத டின்

நிரோஷினிக்குக் கோபம் வந்தால் வீட்டில் பூனைகூடக் குறுக்கே போகாது. கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் கேஷியர் வேலை. பகல் முழுக்க அடுத்தவர் காசை எண்ணி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பல்லைக் காட்டிவிட்டு, அம்பிட்டிய ஏற்றத்தில் உள்ள வாடகை வீட்டுக்கு வந்து சேரும்போது அவளிடம் சிரிப்பு மிச்சம் இருக்காது. கணவன் இளங்கோ லொறி ஓட்டுகிறான். அவன் உழைப்பு வாடகைக்கும் லொறித் தவணைக்குமே சரியாகிவிடும். சோறு, கரண்ட், பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இவள் சம்பளத்தில்தான் ஓட வேண்டும்.

அப்படி ஒரு சம்பள நாளில்தான் மூத்தவன் சுதேஷ் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். பதின்மூன்று வயது. காலுக்குப் புட்போல் சப்பாத்து வேண்டுமென்று அனத்திக்கொண்டே இருந்தவன், "காசெல்லாம் இருக்கு, உங்களுக்குத் தர மனசில்ல" என்று சொல்லிவிட்டான்.

போச்சு. நிரோஷினி கைப்பையைச் சாமிப் படத்துக்கு முன்னால் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"இந்தா, முழுச் சம்பளமும் இருக்கு. இந்த மாசம் நீயும் தங்கச்சியும் வீட்ட நடத்துங்க. நான் ஒரு ரூபா தொட மாட்டேன். எனக்கு ஏதும் வேணும்னா உங்ககிட்ட கேட்டு வாங்கிக்கிறேன். நான் கேக்காம நீங்களும் எனக்குத் தரக்கூடாது. சாமி சத்தியம்!"

ஒரே ஒரு தடை மட்டும் போட்டாள். பஹீம் நானாவின் பலசரக்குக் கடையில் கடன் எழுதும் கொப்பி தொடங்கக் கூடாது. புசல்லாவையில் தேயிலைத் தோட்டத்துச் சம்பளம் அவளுடைய அப்பாவின் கைக்கு வருமுன்னே கடைக்காரரின் கொப்பி அதை விழுங்கிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். கொப்பி என்ற சொல்லே அவளுக்கு ஆகாது.

பிள்ளைகள் முதல் வாரம் ராஜ வாழ்க்கை வாழ்ந்தார்கள். சொசேஜஸ் என்ன, ஐஸ்கிரீம் என்ன, பால்மா போட்டு மூன்று வேளையும் தேத்தண்ணி என்ன! நிரோஷினி நாக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவள் வாழ்க்கையிலேயே அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை.

பத்து வயது துஷானி செலவுக் காசைப் பிரித்துப் போடப் பழைய டின்களைக் கழுவி வரிசையாக வைத்திருந்தாள். ஒன்றில் பல்ப் படம், ஒன்றில் பஸ், ஒன்றில் சோற்றுக் கோப்பை. எதுவுமே வரையாத ஒரு பிஸ்கட் டின்னும் இருந்தது. அதைச் சுற்றி டேப் ஒட்டி, அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். அதைத் திறக்கச் சொல்லி அண்ணன் சண்டை பிடிப்பான். "அது நம்மளோட காசு இல்ல, திறக்க ஏலாது" என்று அவள் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். ஏதோ விளையாட்டு என்று நிரோஷினி விட்டுவிட்டாள்.

சோற்று டின் வேகமாக இளைத்தது. பிறகுதான் பையனுக்குப் புத்தி வந்தது. பருப்பு வாங்க இரண்டு கடை ஏறி விலை கேட்டான். ஆள் இல்லாத அறையில் பல்ப் எரிந்தால் அப்பனைப் போலச் சத்தம் போட்டான். காலையில் பஸ் ஏறாமல் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு இறக்கத்தில் நடந்தே பள்ளிக்கூடம் போனான். பால்மா போய், பாலில்லாத பிளேன்டி வந்தது. சப்பாத்துப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. நிரோஷினிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கொண்டாட்டமெல்லாம் பத்மாதேவி வாயைத் திறக்கும் வரைக்கும்தான். புடவைக்கடையில் தையல் பகுதியைப் பார்க்கிற யாழ்ப்பாணத்து அக்கா அவர். வேலை செய்கிற பெண்களிடம் மாதாமாதம் சீட்டுப் பிடிக்கிறவரும் அவர்தான்.

"நிரோ, நாளைக்குச் சீட்டு. இந்த முறை உமக்குத்தான், மறந்திடாதையும். காசு கட்டாட்டி முறை மற்ற ஆளுக்குப் போயிடும், தெரியும்தானே?"

நிரோஷினிக்கு அப்போதுதான் உறைத்தது. கோபத்தில் சம்பளம் முழுவதையும் கொட்டியவள், சீட்டுக் காசை எடுத்து வைக்க மறந்தே போனாள். இளங்கோவின் கால் முறிந்தபோது அடகு வைத்த தாலிச் சங்கிலி இன்னும் பேங்கில் கிடக்கிறது. மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் ஏலம். அதற்காகத்தான் இந்த முறையையே அவள் கேட்டு வாங்கியிருந்தாள். முதலாளியிடம் புதுவருசத்துக்கே முற்பணம் எடுத்தாயிற்று. பிள்ளைகளுக்கோ சங்கிலி போன கதையே தெரியாது. கழுத்து அரிக்கிறது, அதனால் மஞ்சள் கயிறு போட்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அன்று ஏற்றம் ஏறி வீட்டுக்கு வந்து டின்களைப் பார்த்தாள். பல்ப் டின் காலி, பில் கட்டியாயிற்று. மற்றவற்றில் மாதத்தை ஒப்பேற்றுகிற அளவுதான் இருக்கும். பிள்ளைகள் பேக்கரிப் பாணும் தேங்காய்ச் சம்பலும் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் கதிரையில் உட்கார்ந்தாள், எழும்பினாள், மறுபடி உட்கார்ந்தாள். பெற்ற பிள்ளைகளிடம் கை நீட்ட எவ்வளவு வெட்கமாக இருக்கிறது!

"எனக்குக் கொஞ்சம் காசு வேணும்" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "பத்தாயிரம்."

சுதேஷ் பாணைக் கீழே வைத்தான். "பத்தாயிரமா? எங்கம்மா இருக்கு?"

துஷானி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய், அரிசி வாளிக்குப் பின்னால் இருந்த டின்னைத் தூக்கி வந்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

நிரோஷினியின் நகத்துக்கு டேப் உரிந்து வரவில்லை. சுதேஷ்தான் உரித்தான். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய இரண்டு ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள் இருந்தன.

"சம்பளம் வந்தா நீங்க முதல்ல ரெண்டு தாள் எடுத்து, பேப்பர்ல சுத்தி, அலுமாரியில சேலைக்குக் கீழ வப்பீங்கதானே?" என்றாள் துஷானி. "அன்னைக்கு ஏசிக்கிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டீங்க. அதான் நான் எடுத்து வச்சேன்."

"எதுக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. ஆனா நீங்க அத எடுக்காத மாசமே இல்லையே."

நிரோஷினிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தப் பிள்ளையை ஒருநாளும் பக்கத்தில் உட்கார வைத்து அவள் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. அலுமாரிக் கதவைத் திறக்கும்போது பின்னால் இப்படி இரண்டு கண்கள் இருந்தது இவ்வளவு காலமும் அவளுக்குத் தெரியாது. வீட்டில் சாப்பாடு சுருங்கியபோதும், அண்ணன் அடிக்க வந்தபோதும், எதற்கென்றே தெரியாத ஒரு காசின் மேல் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறாளே! மகளை முதல்முறை பார்க்கிறவள் போலப் பார்த்தாள். தொட்டுப் பார்க்கக்கூடக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்காம தரக்கூடாதுன்னு சாமி சத்தியம் பண்ணிட்டீங்களே."

சுதேஷ் இன்னும் அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "நல்ல வேளை எனக்குச் சொல்லல" என்றான் மெதுவாக. "நான் சப்பாத்து வாங்கியிருப்பேன்."

நிரோஷினி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு இருவரையும் பக்கத்தில் இழுத்து, மஞ்சள் கயிற்றின் கதையைச் சொன்னாள்.

அடுத்த சம்பள நாளில் அவள் கழுத்தில் சங்கிலி இருந்தது. காசைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள், இந்த முறை மெதுவாக. சுதேஷ் டின்களை வரிசைப்படுத்தினான். நிரோஷினி காசில் கை வைக்காமல் தள்ளி உட்கார்ந்து, துஷானியைக் கூப்பிட்டாள்.

"நீ முதல்ல எடும்மா."